ஈயக் கசடில் முளைத்த காளான்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பது என் தொழில். செங்கல்பட்டு லாரி ஷெட்டுகளில் பழைய பேட்டரித் தகடுகளை வாங்கி வந்து உருக்குவேன். மேலே மிதக்கும் கசடை வழித்து, வீட்டுக்குப் பின்னால் மக்கிக் கிடந்த ஓலைக் குவியலில் கொட்டுவேன். பல வருடக் கசடு அங்கே மண்ணோடு மண்ணாகிவிட்டது.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் என் மனைவி உண்டானாள். மசக்கையில் மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. குப்பத்தில் மீன் வாடைக்குத் தப்பி எங்கே போவது? ஐப்பசி மழையில் காளான் வேண்டும் என்றாள். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் முளைக்கும். ஆனால் அங்கே போனால் வயல்காரர் யாராவது "யாருப்பா நீ?" என்பார். பதில் சொல்ல வேண்டும். அந்தக் கூச்சத்தில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன். வந்து பார்த்தால் எங்கள் ஓலைக் குவியலிலேயே வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. மடி நிறையப் பறித்தேன்.

"எங்க பறிச்ச மாமா?" என்றாள்.

"ஏரிக்கரையாண்ட."

"நீயா? எதிர்ல ஆளு வந்தா வழிய மாத்திகினு போற ஆளு, ஏரி வரிக்கும் போனியா?" என்று சிரித்தாள். பிறகு கால் மெட்டியைக் கழற்றிக் கழுவி, கொதிக்கும் குழம்பில் போட்டு எடுத்தாள். விஷக் காளான் என்றால் வெள்ளி கறுக்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. "பாரு, கறுக்கல. நல்ல காளான்தான்" என்றாள். மெட்டி பளபளவென்றுதான் இருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் பறித்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. அடுத்த மழைக்கும் உண்டாகியிருந்தாள். அதே மசக்கை, அதே காளான். அதுவும் தங்கவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவள் ஈறில் நீலக் கோடு ஓடுவதைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன வேலை பண்றே?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டாள் என்றும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"காளானுக்கு வேர் கிடையாது. நூல் மாதிரி மண்ணுக்குள்ள பரவி, மண்ணுல இருக்கிற ஈயத்தையும் சேர்த்து உறிஞ்சும். கழுவினாலும் போகாது, கொதிக்க வெச்சாலும் போகாது. வெள்ளி அதைக் காட்டாது. உன் துணியில, கையில வர்ற தூசியும் இருக்கு. எதால எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஈறுல நீலக் கோடு இருக்குன்னா உள்ள போனது ஈயம், கரு கலைஞ்சதும் அதாலதான். அவகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேங்க" என்றேன்.

சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்ல நினைத்தேன், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் சொல்ல நினைத்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். ஓலைக் குவியலை மட்டும் வாரி, ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன்.

என் அக்கா வாசலில் நின்று கத்தினாள்: "இவ வவுத்துல எதுவும் தங்காதுடா. இன்னாத்துக்கு இன்னும் வச்சிகினுகீற?"

மனைவி என்னைப் பார்த்தாள். "நீ ஒரு வார்த்த சொல்லு மாமா. நான் இங்கியே இருந்துடறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய்த் துணியை மூட்டை கட்டினாள். மறுநாள் அவள் அண்ணன் வந்து மதுராந்தகம் பஸ்ஸில் கூட்டிப் போனார்.

அதன்பின் இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன வாரம் அவள் ஊர்க்காரர் ஒருவர் குண்டு வாங்க வந்தார். அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். அவள் அதைத் தூக்குவதே இல்லையாம். கையில் கொடுத்தால், "என் வவுறு ராசி இல்லாத வவுறு, வோணாம் அண்ணி" என்று விலகிப் போகிறாளாம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதை அவள் அண்ணனுக்கு அனுப்புகிறேன், அவர் படித்துக் காட்டட்டும். அவள் வயிற்றில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காளானைப் பறித்தது நான். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். என்னை மன்னிக்க வேண்டாம். அந்தக் குழந்தையை மட்டும் அவள் தூக்கட்டும்.

1978, கார்த்திகை 9.