பத்தடி வளையமும் என் உயரமும்

"உங்க பிள்ளைங்க நல்லாத்தான் ஓடுறாங்க டீச்சர். வளையம் பத்தடி உயரத்துல இருக்குன்னு அவங்ககிட்ட யாராவது சொன்னீங்களா?"

போன வருடம் இறுதிப் போட்டியில் எங்களைத் தோற்கடித்த புதுச்சேரிப் பள்ளியின் கோச், கை குலுக்கும் சாக்கில் கேட்டது. என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார் — அதுதான் எரிச்சல்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று காரைக்காலில் பி.டி. டீச்சர். 'உன்னால் முடியாது' என்பதை வணக்கம் மாதிரி தினமும் கேட்டு வளர்ந்தவள்.

ஆனால் அவர் சொன்னது பொய்யா? கூடைப்பந்துக்கு வேகம் வேண்டும், குறி வேண்டும்... எல்லாம் சரி. குறி தப்பிய பந்தைப் பிடிக்க வளையத்தின் கீழ் ஒரு நெட்டை ஆள் இல்லையென்றால், கோப்பை புதுச்சேரிக்குத்தான்.

அந்த ஆள் எங்கள் பிளஸ் டூ வகுப்பிலேயே இருந்தாள் — நெடுங்காட்டு ராஜேஸ்வரி. கடைசி பெஞ்சில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததால் என் கண்ணில் படவில்லை. நிமிர்ந்து நின்றால் மாப்பிள்ளை கிடைக்காது என்று அம்மா உத்தரவாம்.

பஸ் பிடித்து நெடுங்காடு போனேன். அவள் அம்மா நடவு முடித்துச் சேற்றுக்காலோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார். கூடைப்பந்து ஆடினால் ஆள் வளரும் என்று ஊரே சொல்கிறதாம். இருக்கிற உயரத்துக்கே வரன் அமையவில்லை. இன்னும் வளர்ந்தால் யார் பொறுப்பு?

எலும்பு, பரம்பரை என்று அறிவியல் பேசிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"நீங்க எத்தன வருசமா ஆடுறீங்க டீச்சர்?"

"பள்ளிக்கூடத்துலேர்ந்தே ஆடுறேம்மா."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அப்ப ஒண்ணும் ஆவாதுங்க. நாளைலேர்ந்து அனுப்புறேன்."

என் படிப்பால் முடியாததை என் உயரம் முடித்துவிட்டது!

இந்த வருடமும் அதே புதுச்சேரிப் பள்ளியோடு இறுதிப் போட்டி. அம்மாவும் வந்திருந்தார் — மகள் வளர்கிறாளா என்று கண்காணிக்க. ராஜேஸ்வரியோ பழக்கதோஷத்தில் வளையத்தின் கீழும் குனிந்தே நின்றாள். பந்தெல்லாம் தலைக்கு மேலே போனது. கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்னால். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் —

"நிமிந்து நில்லுடி."

அம்மா!

நிமிர்ந்தாள். தப்பி வந்த பந்தை, மற்றவர்கள் குதிக்கும் முன்பே எடுத்து வளையத்துக்குள் போட்டாள். கோப்பை காரைக்காலுக்கு. கோச் கை குலுக்க வந்தபோது அவளை அண்ணாந்து பார்த்தார். 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் வரலியே?' என்று அம்மா என் காதில் கேட்டது தனிக்கதை.

ராஜேஸ்வரி இந்த வருடத்தோடு பள்ளியை முடிக்கிறாள். கோட்டுச்சேரிமேட்டில், ஒன்பதாவது படிக்கும் இன்னொரு நெட்டைப் பெண் இருக்கிறாள். அவள் அம்மாவுக்கும் அதே பயமாம்.

நேற்றே போய், அவர்கள் வாசலில் நன்றாக நிமிர்ந்து நின்று, என் உயரத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.