வஞ்சம் என்று ஒரு கிளை

மூன்று மாதம் உட்கார்ந்து நீங்கள் செய்த வேலையிலிருந்து உங்கள் பெயரை மட்டும் ஒருவன் அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள்? என் அம்மா மன்னிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தையும் துணைக்கு இழுத்தாள். நான் git reflog அடித்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி, நான், காலேஜில் எனக்கு ஒரு வருடம் சீனியரான ஒருவன். மொத்தமே மூன்று பேர். சீனியரை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும், எங்கள் காலேஜ் வழக்கம் அப்படி. அவனும் நானும் பயிற்சியில் இருந்தோம். ஆறு மாதம் முடிந்ததும் ஒருவரைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வேன், git log பார்த்து முடிவு செய்வேன் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்று பெயரோடு பதிந்து வைப்பதுதான் git. ஆக, அதில் பெயர் இருந்தால் வேலை. இல்லையென்றால் மம்சாபுரத்தில் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலம்மாவின் வழக்குக் காகிதங்கள் எல்லாம் ஸ்கேன் ஆகி ஒரே ஃபோல்டரில் குப்பையாகக் கிடந்தன. வழக்கு நம்பரும் வருடமும் போட்ட ஃபோல்டர்களாகப் பிரித்து, பக்க எண்ணையே ஃபைல் பெயராக வைத்து நகர்த்த நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். find தேடும், mv நகர்த்தும். அதோடு -n என்று சேர்த்திருந்தேன். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் அதன்மேல் எழுதாதே என்று அர்த்தம்.

ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் வந்து சர்வரில் இருந்ததை இறக்கிப் பார்த்தேன். அன்றாடம் எழுதியதை git-இல் பதிவதற்குக் கமிட் என்று பெயர்; என் கமிட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே கமிட், அவன் பெயரில்.

"அண்ணே, என் கமிட்டெல்லாம் எங்க?"

"எம்புட்டுக் குப்பையா இருந்துச்சு தெரியுமா ஏட்டி. ஒண்ணாச் சேத்துச் சுத்தம் பண்ணிட்டேன்."

"சுத்தம் பண்ணுனா எம்பேரு ஏன் போச்சு?"

"அது அப்படித்தான் காட்டும். பொறவு புரியும் உனக்கு."

எனக்கு அப்போதே புரிந்தது. என் பெயரை வைக்க வேண்டுமென்றால் --author என்று கூடுதலாக ஒரு சொல் அடித்து என் பெயரைப் போட்டிருந்தால் போதும். அவன் அடிக்கவில்லை.

reflog என்பது நம் மெஷின் தன் பாட்டுக்கு எழுதிக்கொள்ளும் குறிப்பு. சர்வரில் எவன் எதை அழித்தாலும், என் லேப்டாப் நேற்று எந்தக் கமிட்டில் நின்றது, முந்தாநாள் எதில் நின்றது என்று அது சொல்லும். கீழே போகப்போக என் கமிட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த இடத்திலிருந்து தனியாக ஒரு கிளை, அதாவது என் வேலையின் தனிப் பிரதி ஒன்றைப் பிரித்து vanjam என்று பெயர் வைத்தேன்.

அன்றைக்கே முதலாளியிடம் காட்டியிருக்கலாம். "ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதானம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எனக்கு அது போதாது.

புதன்கிழமை அவன் ஸ்பீக்கரில் போட்டு வக்கீலம்மாவின் குமாஸ்தாவிடம் பேசினான்.

"அண்ணாச்சி, ஃபோல்டர் பேர்ல வருசம் வேணுமா? நீளமா இருக்கு."

"வருசம் எதுக்குத் தம்பி? நம்பரச் சொன்னா எந்தக் கேசுன்னு நமக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். இருபது வருடத்து வழக்குகளும் அவர் மண்டையில் இருக்கின்றன. ஆனால் கோர்ட்டில் ஒவ்வொரு வருடமும் நம்பர் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே நம்பரில் வருடத்துக்கு ஒரு வழக்கு இருக்கும். அது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? மாலையில், எந்த வரி மாறியது என்று காட்டும் git diff போட்டுப் பார்த்தேன். வருடத்தை எடுத்துவிட்டான். போகிற போக்கில் என் -n-ஐயும் எடுத்துவிட்டான்.

சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான். பிறகு ஸ்கேன் ஃபைல்கள் மொத்தத்தையும் என் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். "முழுசும் நானே எழுதுனது மேடம்" என்று அவன் வக்கீலம்மாவிடம் சொன்னான். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான். ஸ்கிரிப்டை ஓட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

வக்கீலம்மா சோதித்துப் பார்த்தார். "அந்தத் தேவதானம் கிணத்துக் கேசை எடுங்க. நூத்திப் பன்னெண்டு."

முதல் பக்கம் கிணறு. இரண்டாம் பக்கத்தில் கிரைண்டர், கட்டில், பித்தளை அண்டா என்று ஒரு பட்டியல்.

"ஏன் தம்பி, கிணத்துக்குள்ள கட்டிலு எப்படி விழுந்துச்சு?"

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "அது அண்ணன் தம்பி பாகப்பிரிவினைம்மா. வேற வருசத்து நூத்திப் பன்னெண்டு."

"அப்ப கிணத்தோட ரெண்டாம் பக்கம் எங்க?"

எங்கேயும் இல்லை. அதன்மேல் கட்டில் எழுதப்பட்டுவிட்டது. இப்படி எத்தனை வழக்குகளோ.

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "ஏலே, யாரு எழுதுன வரி இது?"

"இவ எழுதுனதா இருக்கும் சார்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். "பாத்திருவோம் சார்" என்று git blame அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரைக் காட்டும் கட்டளை அது. மேலிருந்து கீழ்வரை அவன் பெயர்.

"முழுசும் நாந்தான்னு அண்ணே இப்பத்தான மேடம்கிட்ட சொன்னாவ" என்றேன்.

பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். "பழைய ஃபைல் அம்புட்டும் இதுல இருக்கு." முதலாளி கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"தாரேன் சார். அதுக்கு முன்னாடி செத்த நேரம் இதப் பாருங்க." vanjam கிளையைத் திறந்து git log அடித்தேன். மூன்று மாதமும் என் பெயரில் வரிசையாக இறங்கியது. அவர் பார்த்து முடிக்கும்வரை டிஸ்க் என் கையிலேயே இருந்தது.

"வருசத்த எடுத்தது தப்புன்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏம்மா சொல்லல?"

"எங்கிட்ட யாரும் கேக்கல சார்."

ஃபைல்களைத் திரும்பப் போட்டு, என் ஸ்கிரிப்டை நானே ஓட்டினேன். கிணறு தனியாகவும் கட்டில் தனியாகவும் போய் உட்கார்ந்தன. மறுநாள் முதலாளி என்னை வேலையில் எடுத்துக்கொண்டார். "உன்ன நெனச்சாலும் பயமாத்தான் இருக்கும்மா" என்றும் சொன்னார். அவனுக்கு இன்னும் மூன்று மாதம் பயிற்சி. நான் பார்த்துச் சரி சொல்லாமல் அவன் எழுதும் எதுவும் உள்ளே போகாது.

"பாவம்டி அந்தப் பையன்" என்கிறாள் அம்மா. இருக்கட்டும்.

அவன் அனுப்பிய ஒரு திருத்தம் என் ஒப்புதலுக்காக நிற்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றோடு நாலு நாள் ஆகிறது.