ஒன்றரை மணி நேரம் பிந்திய கேமராவும் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் புரட்டாசிச் சனிக்கிழமை கூடும் கூட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்று நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன புரட்டாசியில்தான் வாய்த்தது. (கிரிவலத் திருவண்ணாமலை இல்லை. இது பெருமாள் இருக்கும் சின்ன மலை. டிக்கெட் எடுக்கும்போது குழம்பிவிடாதீர்கள்.)

வியாழன் இரவு சென்னையில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு ஏசி, 1,015 ரூபாய். வெள்ளி காலை ஏழு மணிக்குள் ராஜபாளையம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் நாளுக்கு 1,100 ரூபாய்க்கு அறை கிடைத்தது. சுத்தமான அறைதான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மில்லின் சத்தம். அன்று முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றினேன். பால்கோவா கால் கிலோ வாங்கி, அறைக்குத் திரும்புவதற்குள் பாதியைத் தீர்த்துவிட்டேன்.

மறுநாள் மலைக்கு ஒரு கார் பேசியிருந்தேன். சாயங்காலம் வரை 1,800 ரூபாய். டிரைவர் பெயர் முருகேசன். தளவாய்புரத்துக்காரர், ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவர். காலை ஆறே முக்காலுக்கு வந்தவர் சற்றுத் தயங்கினார்.

"மேடம், எங்க அய்யாவ முன் சீட்ல உக்கார வச்சிருக்கேன். பெருமாளப் பாக்கணும்னு ரெண்டு நாளா ஒத்தக் கால்ல நிக்காரு. வீட்ல இன்னைக்கு வேலைக்குப் போயிருக்கா, பாத்துக்க ஆளில்ல. ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

முன் சீட்டில் அவருடைய அப்பா சங்கரலிங்கம் நேராக உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. தேவதானத்தில் விவசாயம் பார்த்தவராம். மறதி அதிகமாகிவிட்டது என்று மகன் மெதுவாகச் சொன்னார். நான் கேமராவைத் தூக்கியதும் பெரியவர் துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அன்றைய முதல் படம் அது.

லாட்ஜிலிருந்து மலையடிவாரம் 16 கிலோமீட்டர். வழியெல்லாம் கூட்டம். எட்டு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு தோப்பில் காரை நிறுத்தினோம். நிறுத்தக் கட்டணம் 50 ரூபாய். அங்கிருந்து முந்நூறு மீட்டர் நடை. பெரியவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. டீக்கடை ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். முருகேசன் அவரோடு இருந்துகொள்ள, நான் மட்டும் படியேறினேன்.

ஒரு மணி நேரம் என்னை மறந்து எடுத்தேன். ஒன்பது இருபதுக்கு எனக்கொரு ஆசை வந்தது. பாதிப் படியில் நின்று, பின்னால் கூட்டம் தெரிய, என்னையும் யாராவது ஒரு படம் எடுத்தால் என்ன? முருகேசனுக்குப் போன் போட்டேன். டீக்கடைக்காரரிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். கேமரா பழக்கமில்லாதவர், படம் விழுந்ததா என்று சந்தேகப்பட்டு நிறுத்தி நிறுத்தி மறுபடி மறுபடி அழுத்தினார். ஏழெட்டு நிமிடத்தில் பதினான்கு படம். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

வேப்பமரத்தடியில் பெரியவர் இல்லை.

டீக்கடைக்காரர் வடை எடுத்துக் கொடுத்த நேரத்தில் எழுந்து போயிருக்கிறார். முருகேசன் பேருந்து நிற்கும் பக்கம் ஓடினார். நான் குளத்தைச் சுற்றினேன். காவல் துறையின் உதவி மையத்தில் ஒலிபெருக்கியில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "பேரச் சொன்னா திரும்பிப் பாக்க மாட்டாரு சார், பேரே மறந்து போச்சு அவருக்கு" என்று முருகேசன் அந்தக் காவலரிடம் சொன்னார். மணி பத்தே முக்கால். வெயில் ஏறிவிட்டது. முருகேசனை மேலே கூப்பிட்டது நான். அவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போதுதான் தோன்றியது: மேலிருந்து கீழே பார்த்து அத்தனை படம் எடுத்திருக்கிறேனே?

கேமராவின் சின்னத் திரையில் தலைகள் எள்ளு எள்ளாய்த் தெரிந்தன. காருக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். கேமரா, போன் இரண்டிலும் எடுக்கும் படங்களை ஒரே இடத்தில் சேர்த்து, நேர வரிசையில் அடுக்கும் மென்பொருள் அதில் உண்டு. மொத்தம் 412 படங்கள். எல்லாம் லேப்டாப்பில் இறங்கி முடிய ஒன்பது நிமிடம். முருகேசன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

காலையில் எடுத்த முகத்தைக் காட்டி, இதே முகம் வேறெங்கே என்று தேடச் சொன்னேன். திருநாமம் போட்ட வேறொரு தாத்தாவைக் காட்டியது. சரி, ஒன்பது இருபதுக்குப் பிறகு எடுத்தவற்றை மட்டும் காட்டு என்றேன். கேமராப் படம் ஒன்றுகூட வரவில்லை. போனில் எடுத்தவை மட்டும் நின்றன.  படங்கள் அழிந்துவிட்டனவா?

மேலே தள்ளிப் பார்த்தபோது புரிந்தது. மலையேறி நின்று எடுத்த படத்தில் காலை 6.50 என்று இருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் லாட்ஜை விட்டே கிளம்பவில்லை! முந்தின வருடம் தங்கையைப் பார்க்க துபாய் போனபோது கேமராக் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றியிருந்தேன். திரும்பி வந்து சரிசெய்யவே இல்லை. கேமராப் படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினேன். போன் படங்களும் கேமராப் படங்களும் கலைந்து, சரியான வரிசையில் வந்து உட்கார்ந்தன. ஒன்பது இருபதுக்குப் பிறகு முதலில் நின்றவை, முருகேசன் எடுத்த அந்தப் பதினான்கு.

ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினோம். முதல் படத்தில் என் தோளுக்குக் கீழே வேப்பமரம், அதனடியில் சிவப்புப் புள்ளி. முருகேசன் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவைச் சாய்த்திருக்கிறார். கடைசிப் படங்களில் நான் பாதிதான் இருந்தேன். ஆனால் ஒன்பதாவதில் சிவப்புப் புள்ளி மரத்தை விட்டு எழுந்திருந்தது. பதினான்காவதில் கடைகளைத் தாண்டி, நாங்கள் தேடிய பக்கத்துக்கு நேர் எதிரே, மலையோரம் மாந்தோப்புகளுக்குப் போகும் வண்டிப் பாதையில் முதுகு காட்டி நின்றது.

"அய்யா" என்றார் முருகேசன், திரையைத் தொட்டு. பிறகு, "நான் எடுத்த படம்லா இது. நான் பாத்துக்கிட்டேதான இருந்திருக்கேன் மேடம்."

அந்தப் பாதையில் காரை விட்டோம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மாந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் மண்ணைக் காலால் விலக்கிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு. பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து எழுந்தார்.

"தோட்டக்காரர் அனுப்புன ஆளுன்னுல்லா நெனச்சேன். அவிய வந்து மண்வெட்டி எங்கன்னு கேட்டாவ. வயசானவியள இந்த வெயில்ல இப்படித் தனியாவா விடுவீக?"

 முருகேசன் சேற்றில் இறங்கி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாரும் அய்யா, வீட்டுக்குப் போவோம்."

"இருல, செத்த நேரம். கடைசிப் பாத்திக்குத் தண்ணி சேரல" என்றார் அவர்.

சேரும்வரை நின்றோம். பத்து நிமிடம் இருக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கேமராக் கடிகாரத்தையும் போன் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. கூடவே குழந்தையோ வயதானவர்களோ வந்தால், அன்று போட்டிருக்கும் உடையோடு தலை முதல் கால் வரை ஒரு படம் எடுங்கள். ஊர் திரும்பி அடுக்கும் வரை மங்கலான படம், கோணல் படம் என்று எதையும் அழிக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் லாட்ஜ் வாசலில், முருகேசன் தன் மகளின் லேப்டாப்பிலும் அந்த மென்பொருளைப் போட முடியுமா என்று கேட்டார். எப்படி என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. சொந்தக்காரர்கள் போனிலிருந்தெல்லாம் அப்பாவின் படங்களை வாங்கிச் சேர்த்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று 61 படங்கள்.

"தேதி வாரியா வரிசையா வச்சுப் பாத்தேன் அக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே அய்யா பார்வை மாறிருக்கு. எல்லாரும் கேமராவப் பாக்காவ, அவரு மட்டும் எங்கயோ பாக்காரு. நாங்க அம்புட்டுப் பேரும் பக்கத்துலதான் நின்னிருக்கோம்."

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.