மீசை இருக்கட்டுமா?

"மீசை இருக்கட்டுமா, எடுக்கணுமா?"

நுரை பூசுவதற்கு முன் ஒருமுறை கேட்பார். பூசிய பிறகு ஒருமுறை. கத்தியை மேலுதட்டருகே நிறுத்தி இன்னொருமுறை. எடுக்கச் சொல்லிவிட்டால் போச்சு. "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப என்ன திடீர்னு? வீட்டுல சொன்னாங்களா?" பெண்டாட்டிகூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பார். சவரம் செய்துகொள்ள வந்தவன் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போவான். எங்கள் தெரு இந்தச் சவரக்கடைக்காரருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தது அதனால்தான்.

பேச்செல்லாம் கண்ணாடியைப் பார்த்துத்தான். முகங்களை அவர் அதில்தான் பழகியிருக்கிறார். தெருவில் நேருக்கு நேர் வந்து நின்றால் ஒரு கணம் முழிப்பார். "அட, நீங்களா! வகிடு அந்தப் பக்கம்ல இருக்கணும்?" என்பார். கடையில் நாற்காலிகள் இரண்டு. கத்தியைத் துடைக்க இடது தோளில் ஒரு துண்டு, கோபம் வந்தால் உதற வலது தோளில் ஒன்று.

மீசைக் கதையை அவரே ஒருநாள் சொன்னார், என் பிடரியை மழித்துக்கொண்டே.

அவருக்கு ஒரு சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பட்டப்பெயர் ஒல்லி, பிற்பாடு நாற்காலி முனகும் அளவுக்குப் பருத்தும் பெயர் மட்டும் இளைத்தபடியே இருந்தது. இவர் தொழில் பழகிய காலத்தில் இவர் கத்தியை நம்பி யாரும் உட்காரவில்லை. ஒல்லி வந்து உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தானாம். "யாராவது ஒருத்தன் கழுத்தைக் குடுத்தாத்தானேடா நீ தொழில் கத்துக்க முடியும்?" தாடையில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தது. படிகாரம் வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. வீட்டில் கேட்டதற்குத் தவறி விழுந்தேன் என்று சொல்லி, அதற்கும் உதை வாங்கினான். "கடைசிவரைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கலைங்க."

வளர்ந்த பிறகு ஒல்லிக்குச் சேர்க்கை சரியில்லை. ஒருநாள் காலை கடை திறந்ததும் வந்தான். "மீசையை எடுத்துருடா, வெக்கையா இருக்கு." இவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிரித்துப் பேசியபடி எடுத்துவிட்டார். முதல் நாள்தான் ஒரு கிடங்கில் திருட வந்தவன் காவலாளியை இரும்புக் கம்பியால் அடித்திருந்தான். காவலாளிக்கு ஒரு கண் போயிற்று. அடித்தவனுக்குப் பெரிய மீசை என்று மட்டும் அந்த ஆளால் சொல்ல முடிந்தது.

போலீஸ் ஒரு மீசையைப் பிடித்தது. அது அதே கிடங்கில் மூட்டை தூக்குபவனுடையது. அவன் மனைவி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் நின்று அழுததைக் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒல்லி ஏன் மீசையை எடுத்தான் என்பது எங்கள் இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் தன் மனைவியிடம் கொட்டினார். அவர்தான் வழி சொன்னாராம். "தட்டு முன்னாடி இப்படி உக்காந்திருக்கறதுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்தப் பொண்ணும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே?"

போனார். சொன்னார். கோர்ட்டிலும் சொன்னார். மூட்டைக்காரன் வெளியே வந்தான், ஒல்லி உள்ளே போனான். 'நண்பன் கழுத்தையே அறுத்தவன்' என்று நாலு பேர் கடையை மாற்றிக்கொண்டார்கள். அவர் செய்தது சரிதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் சரியைச் செய்தவனுக்குத் தூக்கம் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஜெயிலுக்குப் பார்க்கப் போனார். பார்க்க இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பினான் ஒல்லி. ஒவ்வொரு முறையும் அதே பதில். ஆனாலும் போவதை அவர் நிறுத்தவில்லை. "வெளிய வந்தா என் கடைப் பக்கம் தலைவச்சுப் படுப்பானா, சொல்லுங்க?" என்று கண்ணாடியில் என்னைக் கேட்டார். நான் பேப்பரைப் புரட்டினேன்.

போன வாரம் என் முறைக்காகக் காத்திருந்தேன். முகம் மூடிய தாடியோடு ஒருவர் வந்து, யாரையும் கேட்காமல் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. சீப்பு கீழே விழும் சத்தம் கேட்டது.

குனிந்து சீப்பை எடுத்துவிட்டு, "உள்ள சவரம் பண்ணிவிட மாட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணாடியைப் பார்த்து.

"பண்ணுவாங்க. வெளிய வர்ற நேரத்துல வேணாம்னுட்டேன்."

ஒல்லி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கத்தியை எடுக்கவில்லை. வழக்கமான கேள்வியையும் கேட்கவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அந்த முகத்துக்கு நேர் எதிரே நின்றார். தாடிக்குள் கட்டைவிரலை விட்டு, தாடையில் அந்தப் பழைய தழும்பைத் தேடினார்.