முகாமுக்கு வந்த ஜீப்

மேடையில் நான் பயந்ததில்லை. எதிரணியில் எவர் அமர்ந்திருந்தாலும், நடுவரின் முகம் எவ்வளவு இறுகியிருந்தாலும், என் குரல் தடுமாறியதில்லை. பேச்சுப் போட்டிகளில் வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டுப் பலகையில் இடமின்றி நெருக்கிக்கொண்டு நின்றன. அந்த நான், தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு நாள், எங்கள் மலையின் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூட வாசலில் வாயடைத்து நின்றேன்.

என் தம்பி மனவளர்ச்சி குன்றியவன், வலிப்பும் உண்டு. அவனைப் போன்றோர்க்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது என்பதையே நாமக்கல்லில் நான் படித்த மகளிர் கல்லூரி அறிவிப்புப் பலகையின் முன் நின்றபோதுதான் அறிந்தேன். ஊனமுற்றோருக்கான முகாம் எங்கள் மலையிலேயே நடக்கப்போகிறது; மருத்துவர் நேரில் பார்த்துச் சான்று தருவார்; சான்று கிடைத்தால் மாத்திரையும் உதவியும் தேடி வரும். இத்தனை ஆண்டுகளாக இதை நமக்கு ஏன் எவரும் சொல்லவில்லை என்று ஊருக்கு வந்து அம்மாவிடம் பொருமினேன். சொல்ல வந்தவர்கள் இருந்தார்கள். அம்மாதான் அவனை ஒளித்து வைத்திருந்தார்.

எங்கள் ஊர்களில் அது வழக்கம். ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டால், வெளியார் கண்ணில் படக்கூடாதவை காட்டுக்குள் போய்விடும்: சாராயப் பானை, வெட்டிய மரம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சிய பெண்கள். தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ஆனால் ஜீப் சத்தம் கேட்டதும் மிளகுக் கொடிகளுக்குள் போய்ப் படுக்கத் தெரியும். அம்மா கையைக் குவித்து ஊதும்வரை அசையாமல் கிடக்கவும் தெரியும்.

"இன்னிக்கு எழுதிக்கிட்டுப் போவாங்க. நாளைக்கு வந்து ஆளையே ஏத்திக்கிட்டுப் போயி எங்கியாச்சும் ஒரு விடுதில போட்டுருவாங்க கண்ணு" என்றார் அம்மா.

நான் வாதிட்டேன். சட்டத்தைச் சொன்னேன், உரிமையைச் சொன்னேன், அவருக்குப் பின் அவன் கதி என்ன என்றும் கேட்டேன். அம்மா மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார்.

"நீ பேசுனா இல்லைன்னு சொல்ல முடியறதில்ல. அதுதாஞ் சாமி எனக்குப் பயமே."

முகாமன்று மருத்துவருக்கு முன்பே மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அமர்ந்துவிட்டோம். மூடுபனி விலகவில்லை. பள்ளிக்குக் கீழே வளைவில் ஒரு வண்டி முனகியபடி ஏறியது. மருத்துவர்தான். பக்கத்திலிருந்தவரிடம் முகம் மலர்ந்து எதையோ சொல்லிவிட்டுத் திரும்பினேன். தம்பியின் இடம் வெறுமையாக இருந்தது. ஜீப்பில் அல்லாமல் மருத்துவர் வேறெதில் வருவார் என்பதை நானும் எண்ணவில்லை, அம்மாவும் எண்ணவில்லை.

பள்ளியின் பின்புறம் காப்பித் தோட்டம். அதன் கீழே சரிவு. சரிவின் அடியில் ஓடை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். அரங்கின் கடைசி வரிசையை எட்டும் என் குரலைப் பனி விழுங்கியது. வலிப்பு வந்து முகம் தண்ணீரில் கவிழ்ந்தால் என்னும் நினைப்பில் ஓடையை நோக்கிச் சரிவில் இறங்கினேன். கத்தக் கத்த அவன் இன்னும் ஆழமாகப் பதுங்குவான் என்பது பிறகே உறைத்தது. திரும்பி ஓடி வந்தேன். அம்மா அதே இடத்தில் அமர்ந்திருந்தார்.

"ஊதும்மா."

"ஊதுனா வந்துருவான். வந்தா, புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?"

மாட்டார்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அறிவிப்புப் பலகையில் படித்ததற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா ஓடையில கீது வுழுந்திருந்தா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, கையைக் குவித்து ஊதினார். சற்று நேரத்தில் காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு, முழங்கையெல்லாம் சேறாக, அவன் வந்தான்.

மருத்துவர் சமவெளியிலிருந்து வந்த பெண்மணி. பொறுமையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "மனவளர்ச்சிக்கு நான் சான்று எழுத முடியாதும்மா. நாமக்கல் ஆஸ்பத்திரி மனநல டாக்டர்தான் எழுதணும். நாளைக்கு அவர் வர்றார். எங்க ஜீப்புலயே இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறோம், கூட ஒருத்தர் வரலாம்" என்றார்.

இருபது சொற்றொடர்களில் நான் மறுத்து வந்த அச்சம், அன்பான குரலில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். போ என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

"நான் போறனுங்க" என்றார் அம்மா. முந்தானையின் நுனியை அவன் மணிக்கட்டில் இறுக்கி முடிந்துகொண்டு ஏறினார். வண்டி வளைவில் மறைந்த பின்னும் நான் அங்கேயே நின்றேன்.

மறுநாள் பிற்பகல் செம்மேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். முதல் பேருந்தில் அவர்கள் இல்லை. அடுத்ததன் படியில் அம்மா இறங்கினார். தனியாக இறங்கினார். முந்தானை தோளில் வெறுமையாகத் தொங்கியது. படியருகே ஓடினேன்.

"சான்று குடுத்துட்டாங்க" என்று இடுப்பில் செருகியிருந்த தாளைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி?"

"உள்ளார ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறான். எறங்கவே மாட்டேங்கறான். கண்டக்டரு கத்தறாரு" என்றார் அம்மா. "பெரிய பேச்சுக்காரியாச்சே, போயி நீ பேசி எறக்கு பாக்கலாம்."