இடப்பக்கத்து நட்டுகள்

என் மாமனாருக்குக் காது மந்தமாகிவிட்டது, கண்ணும் பாதிதான். நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. புதுக்கடைப் பக்கம் கொப்பரை வியாபாரம் செய்தவர். மூடை ஏற்றித் திரிந்த அவருடைய பழைய ஜீப், வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் பல வருடமாகக் காற்றிறங்கிக் கிடந்தது. கடல் காற்று வரும் இடம். உப்பு தன் வேலையைக் குறைவின்றிச் செய்திருந்தது.

தன் ஒரே மகனை அவர் அந்த ஜீப்பை ஒரு நாளும் ஓட்டவிட்டதில்லை. பின்னால் மூடைகளோடுதான் உட்கார வைத்தார். அந்த மகனுக்கு, என் மச்சினனுக்கு, இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அப்பாவிடம் அவன் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அந்த ஜீப்.

மாமனார் சும்மா கொடுப்பாரா? பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்காரனைச் சாயங்காலம் வரச் சொன்னார். அதற்குள் ஜீப் தன் சக்கரத்தில் உருண்டு ரோட்டுக்கு வந்தால் மகனுக்கு, இல்லையென்றால் ஆக்கர்க்காரனுக்கு. விதித்துவிட்டு, சாய்ப்புக்கு எதிரே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தும் விட்டார்.

டயர்கள் மக்கிப்போயிருந்தன. மச்சினன் எங்கிருந்தோ காற்று நிற்கும் சக்கரங்கள் கொண்டுவந்திருந்தான். பழையதைக் கழற்றி இவற்றை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் பாலிடெக்னிக்கில் பட்டறைப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். துருப்பிடித்த நட்டைக் கழற்றும் முறையைத் தூக்கத்திலும் சொல்வேன். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, டீசல் விட்டு ஊறவைத்து, சுற்றிலும் மெல்லத் தட்டி, முதலில் மயிரிழை அளவு முறுக்கிவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். முறுக்கும்போது துருவின் பிடி விடும்.

மச்சினன் தேங்காய் எண்ணெய்க் குப்பியோடு வந்தான். தலைவலி முதல் கதவுக் கீல் வரை அந்த வீட்டில் அதுதான் மருந்து.

"அது பிசினாட்டு ஒட்டும் மக்கா. டீசல் விடு, ஊறட்டு. பொறவு கொஞ்சம் முறுக்கிட்டு அவுரு," என்றேன்.

"கழத்த வந்தவன முறுக்கச் சொல்லுதிய. காலத்தாலேயே கேலியா அத்தான்?"

அவன் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குக் கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் எல்லோருடைய வாய்க்கும் அவன்தான் பலகாரம்.

வலப்பக்க நட்டுகள் தேங்காய் எண்ணெயையும் மீறி, வெயில் சாய்வதற்குள் ஒருவழியாகக் கழன்றன. அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. இடப்பக்கம் வந்து, முன் சக்கரத்தில் ஸ்பானரைப் போட்டு அதே திசையில் தள்ளினான். அசையவில்லை.

"ஏலே, சோறு திங்கலியா? கருங்கல் சந்தையில சொமடு எடுக்க கெழவிக்கு இதவிட பெலம் உண்டு," என்றார் மாமனார்.

மச்சினன் ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் சொருகினான். அந்தக் காலத்து ஜீப்புகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளின் மரை எதிர்த்திசையில் ஓடும். ஓட்டத்தில் நட்டு தானாக அவிழாமலிருக்க அப்படி வைத்தார்கள். மற்ற நட்டுகள் அவிழும் பக்கம் இவை இறுகும். எனக்குத் தெரியும். அந்த வண்டியோடு ஆயுளைக் கழித்த மாமனாருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பாதிக் கண்ணிலும் ஒரு மினுக்கம்.

"மக்கா, இடப்பக்கம் எதிர் மரையாக்கும். நீ முறுக்கிட்டு இருக்கே. மாத்தித் திருப்பு," என்றேன். மாமனாரின் மினுக்கம் தொற்றி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குழாயில் தொங்கியபடியே மச்சினன் திரும்பினான். "பாலிடெக்னிக்கில இதுதான் படிப்பிச்சியளா? அப்பாவும் நீங்களுமாச் சேந்து என்னக் கோட்டியாக்குதியளா?"

"உனக்க அத்தான் சொல்லுகதக் கேளேன்லே," என்று மாமனார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தச் சிரிப்பு போதும். அப்பா சிரித்தபடி சொன்னதை நம்பி அவனுக்கு இதுவரை நல்லது எதுவும் நடந்ததில்லை. முழு உடம்பையும் குழாயில் சாய்த்தான். போல்ட் முறிந்து நட்டோடு தெறித்தது. அதற்குள் ரோட்டில் ஆக்கர்க்காரனின் டெம்போ சத்தம் கேட்டது.

"முறிஞ்சா முறியட்டு. சக்கரம் வந்தாப் போரும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் போல்ட்டுகளையும் வரிசையாக முறித்தான். சக்கரம் கழன்று வந்தது. வேறு சக்கரம் மாட்டத்தான் அந்த அச்சில் ஒரு போல்ட்டும் மிச்சமில்லை.

மாமனார் முறிந்த துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, வேட்டி முனையால் அதன் தலையைத் துடைத்தார். எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது.

"வாசிலே. எல். லெப்ட்டு. ஒனக்க மூஞ்சிக்கு நேரேதான் இருந்து."

ஆக்கர்க்காரனும் சிரித்துவிட்டான். மச்சினன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நீங்க சொன்னியளே அத்தான்."

"சொன்னேன்."

"சிரிச்சிட்டுல்லா சொன்னிய."

ஜாக்கியை எடுத்ததும் ஜீப் அந்தப் பக்கம் முழங்காலிட்டது. கயிறு கட்டி இழுத்தார்கள். சக்கரமில்லாத அச்சு முற்றம் நெடுக மண்ணைக் கீறிக்கொண்டு போனது. டெம்போ மறையும்வரை மச்சினன் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"என்னலே பாத்துட்டு நிக்கே?" என்றார் மாமனார். "மம்பெட்டி எடுத்துட்டு வந்து அந்தப் பள்ளத்த மூடு. ஆளு நடக்கண்டாமா?"

அவன் போய் எடுத்துக்கொண்டு வந்தான்.