நூறாவது மிருகமும் ஒரு பொத்தானும்

"ஓநாய் டெய்லர்" என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது பெரியம்மாவின் இளைய மருமகள் வாயிலிருந்து.

"கோட்டு தைக்கணுமா? ஓநாய் டெய்லர்கிட்ட குடுடி. அளவு இம்மி பிசகாது. பேச்சைத்தான் தாங்க முடியாது."

யாரோ முரட்டு ஆள் என்று பயந்துகொண்டே போனாள். போய்ப் பார்த்தால், கழுத்தில் டேப்பு தொங்க, குச்சிபோல ஒருத்தர். கை அளவு எடுத்தபடியே, எங்கோ ஒரு பனிக்காட்டில் ஓநாய் பார்த்த கதையை ஆரம்பித்தார். கோட்டு தயாராவதற்குள் அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் சங்கதி முழுசாகத் தெரிந்தது. வருஷத்தில் பதினோரு மாதம் தையல். ஒரு மாதம் கடைக்குப் பூட்டு, ஏதாவது ஒரு தேசத்துக் காடோ கடலோ. குட்டிக்குப் பால் கொடுக்கும் காட்டு மிருகமாக இருக்க வேண்டும், தன் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் அதற்கு இடம். பறவை எதிரே வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"திமிங்கலம்னு எழுதியிருக்கீங்களே மாமா, அது மீன்தானே?" என்று அவள் தம்பி ஒருமுறை சீண்டினான்.

"அது பால் குடுக்குதுடா மச்சான். நீயும் குடிச்சுதானே வளர்ந்தே? உன்னை மீன்னா சொல்றோம்?"

இப்படியே தொண்ணூற்றொன்பது சேர்ந்தது. நூறாவது பனிச்சிறுத்தைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்னொரு காலின் முட்டியைத் தட்டிப் பார்த்த டாக்டரோ, "மலை ஏறறது இதுதான் கடைசி தடவை" என்று சொல்லி அனுப்பினார்.

பனிமலையில் அவரும் அவளும் நான்கு நாள் பாறைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஒரு வால் நுனிகூடத் தட்டுப்படவில்லை. ஐந்தாம் நாள் காலையில், கூட வந்த வழிகாட்டியின் கோட்டில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடுவது அவர் கண்ணில் பட்டது. அவர் விரல்கள் துறுதுறுப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இப்ப வேண்டாங்க."

"ரெண்டே நிமிஷம்மா. பார்க்க சகிக்கலை."

தொப்பியில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார். நாலு குத்து குத்தியிருப்பார்; வழிகாட்டி மூச்சை அடக்கி எதிர்ச்சரிவைக் காட்டினான். புகைநிறத்தில், உடம்பளவு நீண்ட வாலோடு, நிதானமாக அது நடந்து வந்தது. ஒரு தடவை நின்று அவளையே பார்த்தது.

"ஏங்க! நிமிருங்க! வந்துடுச்சு!"

"முடிச்சுப் போட்டுக்கறேன், இரு."

நாற்பது வருஷத்தில் முடிச்சுப் போடாமல் ஊசியை விட்டதில்லை அந்தக் கை. அவள் அவர் காலரைப் பிடித்து இழுக்க இழுக்க, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, நிமிர்ந்தார். எதிரே வெறும் பாறை.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ பொத்தானை இழுத்துப் பார்த்துவிட்டு, "கோட்டு கிழிஞ்சாலும் இது விழாது" என்றார். அப்புறம் பொழுது சாயும்வரை அந்த எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஊர் திரும்பியதும், "பேசாம எழுதிக்கோங்க மாமா, யாரு கேக்கப் போறா?" என்றான் தம்பி.

"என் கண்ணு கேக்கும்டா. பார்த்தது உங்க அக்கா."

புது நோட்டு ஒன்றை எடுத்து, அட்டையில் அவள் பெயரை எழுதி, முதல் வரியில் பனிச்சிறுத்தை என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

இப்போது அளவு கொடுக்க வருகிறவர்களுக்குச் சிறுத்தைக் கதை சொல்வது அவள்தான். அவர் அதே கடையில், ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நோட்டில் இன்னும் தொண்ணூற்றொன்பதுதான்.